பதினான்கு எபி

நம் இதழின் கடைசிப் பக்கத்தில், சந்தா விவரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி முதல் இதழிலிருந்தே இருந்து வந்தது: படைப்புகள் வேறெங்கும் வெளிவராதவையாக இருக்க வேண்டும். அதை யார் எழுதிச் சேர்த்தோம் என்று இப்போது ஒருவருக்கும் நினைவில்லை. மற்ற இதழ்களிலெல்லாம் இருக்கிறதே என்று நாமும் போட்டுக்கொண்டோம். இந்த இதழிலிருந்து அந்த வரி இல்லை. எடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தால்தான் இதழும் இரண்டு மாதம் தாமதம்.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீரபாண்டிப் பேருந்து நிறுத்தம் அருகே ஜெராக்ஸ் கடையின் பின்னறையில், வழக்கம்போல இதழ்க் கட்டுகளின் மேலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஒரு பெண் வந்தாள். தேனிப் பக்கம் நூற்பாலையில் ஷிப்ட் வேலை. கையில் ஏ4 தாள் கட்டு. முன்கடையிலேயே எடுத்த பிரிண்ட், சூடு ஆறவில்லை.

“அண்ணே, இது ஏற்கனவே போன்ல போட்டதுதான். உங்க ரூல்படி செல்லாதுல்ல?”

செல்லாதுதான். ஆனால் முதல் பக்கத்தைப் பார்த்தபின் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

கண்ணகி கதை. சிலப்பதிகாரத்தில் இளங்கோ வேகமாகத் தாண்டிப்போன ஓர் இடத்தை இவள் பிடித்திருந்தாள். மதுரை எரிகிறது. மதுராபதித் தெய்வம் பின்னால் வந்து, பதினான்கு நாள் கழித்துக் கணவனை வானவர் வடிவில் காண்பாய் என்கிறது. கண்ணகி மேற்கு வாயில் வழியே வெளியேறி, மேடு பள்ளம் பாராமல் வைகைக் கரையோடு நடந்து, நெடுவேள் குன்றத்தில் வேங்கை மரத்தடிக்கு வந்து சேர்கிறாள். நடுவில் அந்தப் பதினான்கு நாளும் என்ன சாப்பிட்டாள், எங்கே படுத்தாள், யாரிடமாவது பேசினாளா? காப்பியத்தில் சில அடிகளோடு சரி.

அந்தக் குன்றம் எது என்பதில் அறிஞர்களிடையே வழக்கு உண்டு. திருச்செங்கோடு என்பார் உண்டு. நம் பள்ளத்தாக்கில் அந்த வழக்கே கிடையாது. கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறையில் மங்கலதேவி கோயில் இருக்கிறது, பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963இல் அதைக் கண்ணகி கோட்டம் என்று அடையாளம் காட்டினார். ஆண்டுக்கு ஒரே நாள், சித்ரா பௌர்ணமிக்கு, மலையேறுகிறோம். அப்படியானால் வைகைக் கரையில் வந்தவள் முல்லையாறு கலக்கும் இடத்தில் திரும்பி, வீரபாண்டி வழியாகத்தான் மேலே போயிருக்க வேண்டும். இந்தப் பெண் மில் பஸ்ஸில் போகும்போது கிலோமீட்டர் கல்லைப் பார்த்துக் கணக்கே போட்டிருக்கிறாள். மதுரையிலிருந்து மலையடிவாரம் சுமார் 120 கிலோமீட்டர். கடைசி நாளை மலையேற்றத்துக்கு விட்டுவிட்டால், நாளுக்கு ஒன்பது, ஒன்பதரை. ஒன்பதாம் நாள் வீரபாண்டி. பத்தாம் நாள் சீலையம்பட்டிப் பக்கம். ஒரு நாளுக்கு ஓர் அத்தியாயமாகப் பதினான்கு இரவு எழுதிப் போடுவது என்பது திட்டம். கைபேசிச் செயலியில் எழுதுகிறவர்கள் அத்தியாயம் என்று சொல்வதில்லை. எபி.

ஷிப்ட் முடிந்து வந்து, சமைத்து, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, இரவு பதினொன்றுக்கு மேல் கைபேசியிலேயே தட்டி அப்படியே செயலியில் ஏற்றிவிடுவாள். மறுநாள் காலை மில் பஸ்ஸில் வாசகர் சொன்னதைப் படிப்பாள். முதல் நான்கு எபிக்கு “அருமை சிஸ்”. ஐந்தாவதிலிருந்து விண்ணப்பங்கள் தொடங்கின. பாவம், அவளுக்கு யாராவது கஞ்சி கொடுங்களேன். சரியென்று ஒரு கீதாரிக் கிழவி வந்து கஞ்சி கொடுத்தாள். அவளைத் தனியாக நடக்கவிடாதீர்கள். ஒரு சிறுமி துணைக்கு வந்தாள். எட்டாவதிலிருந்து எல்லாரும் ஒரே குரலில்: கோவலனைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பத்தாம் இரவு கொண்டுவந்துவிட்டாள். சீலையம்பட்டி வயல்வரப்பில், நிலா வெளிச்சத்தில், வெட்டுக்காயம் ஆறி நடந்து வருகிறான் கோவலன். அதுவரை வந்ததைப்போல இரண்டு மடங்கு பேர் அன்று படித்தார்களாம்.

பதினொன்றாம் இரவு அவளால் ஒரு வரி எழுத முடியவில்லை. அவனே வந்துவிட்டான். இனி அவள் எதற்கு நடக்க வேண்டும்? எந்த மலைக்கு? “அடுத்த யூடி எப்போ?” என்று அடுத்த எபியைக் கேட்டவர்களுக்கு முதலில் கரண்ட் இல்லை என்றாள். பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள். பிறகு பதிலே போடவில்லை. மூன்று மாதம் கழித்து அந்தப் பத்து எபியையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்து நிற்கிறாள்.

நம் ஆசிரியர் குழுவில் ஓய்வுபெற்ற தமிழய்யா ஒருவர் இருக்கிறார். தாள்கட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: முழுதாக எழுதி, ஒரு வருடம் பூட்டிவைத்து, எடுத்துத் திருத்தி, அப்புறம் ஊருக்குக் காட்டியிருக்க வேண்டும். அவசரம்தான் இதன் நோய். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு அதை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

வத்தலக்குண்டு பி. ஆர். ராஜமய்யர் ‘கமலாம்பாள் சரித்திர’த்தை ‘விவேக சிந்தாமணி’யில் மாதாமாதம் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. 1893 முதல் 1895 வரை வந்தது. சிறுகுளம் கிராமத்தின் வம்பும் வாயாடித்தனமும் நிறைந்த முன்பாதி இன்றும் வாசிக்கச் சிரிப்பாக இருக்கிறது. பின்பாதியில் கதை ஊரைவிட்டு வேதாந்தத்துக்குக் கிளம்பிவிடுகிறது. ஒரு வருடம் பூட்டிவைத்திருந்தால் சமன் செய்திருப்பாரோ என்னவோ. 1898இல், 26 வயதில், ராஜமய்யர் இறந்துபோனார். அவரிடம் போய்க் காத்திரும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுபக்கம் நம் சின்னமனூர்க்காரர். சி. சு. செல்லப்பாவின் முதல் எழுத்தே சின்னமனூர்தான். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியவர். இன்று இந்தப் பின்னறையில் நாங்கள் இதழ் நடத்துவதாக நினைத்துக்கொள்வதற்கெல்லாம் மூலவர். அவருடைய ‘சுதந்திர தாகம்’ மூன்று பாகங்களாக 1997இல் வந்தபோது அவருக்கு 85 வயது. அடுத்த ஆண்டே போய்விட்டார். சாகித்ய அகாதெமி விருது 2001இல், ஆள் இல்லாத வீட்டுக்கு வந்தது. பெட்டியில் கிடப்பதால் மட்டும் எழுத்து உரம் ஏறிவிடும் என்றால் அந்த நாவல் அவருடைய ‘வாடிவாசலை’த் தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை என்பதே என் கருத்து. ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கத்தில் இல்லாத மூச்சு, ஒரு மாலை நேர ஜல்லிக்கட்டைச் சொல்லும் அந்தச் சின்னப் புத்தகத்தில் இருக்கிறது.

தமிழய்யா கல்கியை எடுத்தார். 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை வாரந்தவறாமல் வந்த ‘பொன்னியின் செல்வ’னை முடித்தபின், அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர் கேட்ட கேள்விகளுக்காகக் கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுத வேண்டிவந்தது. அதிலும் ஆறாதவர்களுக்கு ‘அமுதசுரபி’ விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். அதே 1954 டிசம்பரில் கல்கி மறைந்தபோது பாதியில் நின்ற ‘அமரதாரா’வை அவர் குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி முடித்துவைத்தார். கிழக்கேயும் மேற்கேயும் ரசிகர் புனைவு என்று இப்போது பெயர் சூட்டியிருக்கிறார்கள். நமக்கு அது வாரப் பத்திரிகைக் காலத்திலேயே வீட்டுச் சமையல். 1999இல் கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனபின் கேட்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. வந்தியத்தேவனை இன்று யார் வேண்டுமானாலும் குதிரையேற்றலாம்.

குழுவில் இன்னொருவர் வாழைக்காய் வியாபாரி. இலக்கியச் சண்டையில் பொதுவாகத் தலையிடமாட்டார். அச்சுக்கூலி பாக்கி வரும்போதுதான் பேசுவார். அன்று பேசினார். “வாழத்தாரைக் காயா வெட்டி லாரில ஏத்துறோம். போற வழில பழுத்துரும். திராட்சைய அப்படி வெட்டிப் பாருங்க. கொடில ஏறுன இனிப்புதான் இனிப்பு. வெட்டுனதுக்கப்புறம் ஒரு சொட்டு ஏறாது. இதுல எது வாழ, எது திராட்சைன்னு பாத்தீகளா?”

பார்க்கவில்லை. அவர் சொன்னபிறகு கட்டைத் திரும்ப எடுத்து, ஒன்பதாம் நாளை மட்டும் உரக்கப் படித்தேன்.

ஒன்பதாம் நாள் கண்ணகி வீரபாண்டியில் முல்லையாற்றங்கரையில் வந்து உட்காருகிறாள். யாரென்று ஊருக்குத் தெரியாது. அவள் உட்கார்ந்த இடத்தில் கோரைப்புல் கருகுகிறது. தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒருத்தி குடத்தை எடுத்து அவள் தலையில் ஊற்றுகிறாள். அடுத்தவள் ஊற்றுகிறாள். பிறகு வரிசையாக, ஊரே, விடியும்வரை. அவ்வளவுதான் அந்த எபி.

சித்திரையில் கௌமாரியம்மன் கோயிலில் கம்பம் நட்ட நாளிலிருந்து முல்லையாற்றில் குளித்து, ஈரச்சேலையோடு குடம் சுமந்து, அந்த அத்திமரக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. மட்டக்களப்பில் வைகாசி மாதம் ‘கண்ணகி வழக்குரை’ படித்துத் திருக்குளிர்த்தி நடத்துகிறார்கள். எரித்தவளைக் குளிர்விப்பதுதான் அங்கும் சடங்கு. இந்தப் பெண் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. அந்த எபியை இரவு 11.40க்கு ஆரம்பித்துப் பன்னிரண்டரைக்குப் போட்டிருக்கிறாள். ஐம்பது நிமிடம். ஒரு சொல்லைக்கூட நாங்கள் தொடவில்லை. கணக்குக்குத்தான் ஐம்பது நிமிடம். ஆறு வயதில் அம்மா இடுப்பில் சின்னக் குடத்தைக் கொடுத்த அன்றிலிருந்து அது அவள் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. தினம் ஓர் அத்தியாயமாக ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை ‘வெண்முரசு’ 26 நாவல்களை எழுதி வெளியிட்டதையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். வேகம் விரலில் இருந்தது. பாரதம் அதற்கு முன்பே பல ஆண்டு உள்ளே கிடந்தது.

கீதாரிக் கிழவியும் கஞ்சியும் வாழைக்காய். போகிற வழியில் பழுத்துவிடும். பத்தாம் நாளில் வரும் கோவலன்?

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோவலனைத் திருப்பிக் கேட்ட வாசகர்களை நினைத்து நான் அன்று சிரித்தேன். சீரியல் பார்த்துக் கெட்டுப்போன ஜனம் என்று அவள் எதிரிலேயே சொன்னேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. வீட்டுக்குப் போய் உறுத்தல் தாங்காமல் சிலம்பை எடுத்து வைத்துக்கொண்டேன். ஊர்சூழ் வரியில், வெட்டுண்டு கிடக்கும் உடலை அவள் தழுவிக்கொள்ள, கோவலன் எழுந்து நிற்கிறான். முகம் வாடியதே என்கிறான். கையால் அவள் கண்ணீரைத் துடைக்கிறான். நீ இங்கேயே இரு என்று சொல்லிவிட்டு வானோர் நடுவே போய்விடுகிறான். எத்தனையோ முறை படித்த இடம். எரிக்கப்போகும் மதுரையைப் பார்க்கும் அவசரத்தில் ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டியிருக்கிறேன். செயலி வாசகர்கள் கேட்டதை இளங்கோவிடமும் யாரோ கேட்டிருக்கிறார்கள். அல்லது அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மறுக்கவில்லை. ஒரு கணம் கொடுத்து, உடனே எடுத்துக்கொண்டார்.

அந்தக் கணம் போதாது என்று நினைத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். சிங்கள நாட்டில் பத்தினித் தெய்வத்துக்கான சடங்குகளில் கோவலனுக்குப் பாலங்க என்று பெயர். கொல்லப்பட்ட பாலங்கவைப் பத்தினி உயிர்ப்பிக்கும் கட்டம் அங்கே ஊர்நடுவில் நடிக்கப்படுவதை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர, பத்தினி வழிபாடு பற்றி 1984இல் வெளியிட்ட பெரிய நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ஆக, கோவலனைத் திருப்பித் தா என்பது நேற்று முளைத்த ஆசை கிடையாது. அந்தக் கேள்வி பழையது, நேர்மையானது. கேட்ட மறுநாள் இரவு பதினொன்றரைக்குள் பதில் சொல்லியாக வேண்டியிருந்ததுதான் வினை. கடல் தாண்டிய ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பாடி, ஆடி, சடங்காக்கி அந்த உயிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டார்கள். இவளுக்குக் கிடைத்தது ஒரு மில் பஸ் பயணம்.

இரவல் பாத்திரத்தை எடுத்து எழுதுகிறவருக்கு இந்தச் சங்கடம் மற்றவரைவிட அதிகம். நான் உண்டாக்கிய ஒருத்தி என்றால், அவள் யாரென்று வாசகருக்கு நான் சொல்லும்வரை தெரியாது. எனக்குக் கொஞ்சம் மறைவு உண்டு. கண்ணகிக்கோ வந்தியத்தேவனுக்கோ அகலிகைக்கோ வாசகர் எனக்கு முன்பே சொந்தக்காரர். எங்கள் வீட்டுப் பெண்ணை இப்படி நடத்தாதே என்று சொல்ல அவருக்குப் பாத்தியதை இருக்கிறது. நடுக்கதையில் அவரை உள்ளே விட்டால், தனக்குப் பழகிய கண்ணகியையே திருப்பிக் கேட்பார். கொடுத்தும் தொலைப்போம்.

புதுமைப்பித்தனை நினைத்துக்கொள்ளலாம். முப்பதுகளில் ‘அகல்யை’ எழுதினார். கௌதமன் புரிந்துகொள்கிறான், மன்னிக்கிறான். வெளியிட்டாயிற்று. ஆனால் அகலிகை அவரை விடவில்லை. 1943இல் ‘சாபவிமோசனம்’. கல் பெண்ணாகி, வாழ்ந்து, சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் ராமன் என்று கேட்டதும் மறுபடி கல்லாகிறாள். பழைய கதையைத் திருத்தியதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. புதுக்கதையாகவே எழுதினார். முன்னதை அவசரப்பட்டு வெளியிடாமல் இருந்திருந்தால் பின்னது வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். தன் பழைய கதையின் சமாதானமே அவரைப் பின்னால் குடைந்திருக்க வேண்டும்.

சிலம்பின் பதிகத்தையே பாருங்கள். வேங்கை மரத்தடியில் நடந்ததைக் கண்ணால் கண்ட குறவர்கள்தான் முதலில் கதை சொன்னவர்கள். முன்கதை முழுதாக அவர்களுக்குத் தெரியாது. ஒரு முலை இழந்தவள் வந்து நின்றாள், போனாள். அதற்கே அன்றே குரவை ஆடிவிட்டார்கள். சுடச்சுடப் போட்ட எபி. சாத்தனாருக்கு மதுரைக் கதை தெரியும். இளங்கோ இரண்டையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். குறவர்கள் ‘முழுக்கதை தெரிந்தபின் பாடுவோம்’ என்று மலையிலேயே இருந்திருந்தால் குணவாயிலில் இளங்கோவுக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. காப்பியத்துக்குள் அவர்களுடைய குரவைக்கும் ஒரு காதையை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார் மனிதர். வேறெங்கும் வெளிவராததாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

தமிழய்யா கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தார். சின்னமனூர்ப் பெரிய செப்பேட்டில் பாண்டியர்கள் மாபாரதத்தைத் தமிழாக்கினார்கள், மதுரையில் சங்கம் வைத்தார்கள் என்று வெட்டியிருக்கிறது. பத்தாம் நூற்றாண்டுச் செப்பேடு. அது டிலீட் ஆகாது, உங்கள் செயலிப் பதிவு நாளைக்கு இருக்குமா? நல்ல கேள்வி. ஆனால், அய்யா, செப்பேடு நம்மிடம் இருக்கிறது. அவர்கள் தமிழாக்கிய அந்தப் பாரதம்தான் இல்லை.

அவளிடம் பத்தாம் நாளை மட்டும் திரும்ப எழுதித் தரும்படி கேட்டோம். நான் சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். ஊர்சூழ் வரியை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தோம். வேறு யோசனை எதுவும் சொல்லவில்லை. எட்டு மாதம் ஆயிற்று. திருத்தி எழுதுவது என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிறோம். அதற்கு ஒரு மேசை வேண்டும், கதவு வேண்டும், நைட் ஷிப்ட் இல்லாத ஒரு வாரம் வேண்டும். தினம் அரை மணி நேரம்தான் சொந்தம் என்கிறவளுக்குத் தினம் ஓர் எபி என்பது பொறுமையின்மை கிடையாது. அவளுக்குக் கிடைத்த ஒரே வடிவம் அது. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நடைபழகும் நாம் அதைப் பார்த்து அவசரக்குடுக்கை என்றால் பொருத்தமாக இருக்காது. எட்டு மாதத்தில் நான்கு முறை எழுதி, மூன்றைக் கிழித்தாளாம். இதழ் தாமதமானதைப் பற்றிச் சந்தாதாரர்கள் கடிந்துகொண்ட கடிதங்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. காலாண்டிதழ் என்று போட்டுக்கொண்டு ஆண்டுக்கு இரண்டு கொண்டுவரும் எங்களுக்கு அவை புதிதல்ல.

புதிய பத்தாம் நாள் இந்த இதழில் இருக்கிறது. பழையதையும் அடுத்த பக்கத்திலேயே போட்டிருக்கிறோம். சம்மதமா என்று கேட்டதற்கு, “போடுங்கண்ணே, அது இல்லாம இது வந்திருக்காது” என்றாள். புதியதில் வயல்வரப்பு அப்படியே இருக்கிறது, நிலாவும் இருக்கிறது. கண்ணகி தூங்குகிறாள். யாரோ முகத்தைத் துடைக்கிறார்கள். அந்தக் கை அவளுக்குத் தெரியும். விழிக்காமலே சிரிக்கிறாள். விழித்துப் பார்த்தால் கீதாரிக் கிழவியின் கிடையிலிருந்து தப்பிவந்த ஓர் ஆட்டுக்குட்டி, கன்னத்து உப்புக்காக நக்கிக்கொண்டிருக்கிறது.

இனி விதி இது. எங்கு வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். கைபேசியில், கோயில் மலரில், கல்யாணப் பத்திரிகைக்குப் பின்பக்கத்தில். எங்களுக்கு அனுப்புமுன் ஒருமுறை அந்த எழுத்திடம் திரும்பிப் போய்வந்திருக்க வேண்டும். போய்ப் பார்த்து, மாற்ற ஒன்றுமில்லை என்று கண்டால் அப்படியே அனுப்பலாம். ஒன்பதாம் நாளை அப்படித்தான் அச்சிடுகிறோம். முடியாத தொடர்களை மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டோம். அதற்குக் காரணம் இலக்கியம் இல்லை. அடுத்த இதழ் எப்போது வரும் என்று எங்களுக்கே தெரியாது.

பதினொன்றாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை இன்னும் வரவில்லை. இதுவரை மங்கலதேவிக்குக் குமுளி வழியாக ஜீப்பில்தான் போயிருக்கிறாளாம். வரும் சித்ரா பௌர்ணமிக்குப் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறிவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்காக ஒதுக்கிய பக்கங்கள் காலியானதால் இந்த இதழ் எட்டுப் பக்கம் குறைவு. விலையில் மாற்றமில்லை; வாழைக்காய் வியாபாரி ஒப்புக்கொள்ளவில்லை.